அவர் ரிடையர் ஆகுமுன்...

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் ஆறு மாதம் முன்பே பாத்திரம் வாங்க ஆரம்பித்துவிடுகிறோம். தீபாவளிக்கு ஒரு வருடம் முன்பே சீட்டுக் கட்டுகிறோம். ஆனால் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார் என்றால் மட்டும், "அதெல்லாம் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள்" என்று இருந்துவிடுகிறோம். இப்போது அப்படி இருக்க முடியாது, சகோதரிகளே! பி.எப்., ஓய்வூதியம் எல்லாமே கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் வந்துவிட்டன. அவரவர் கணக்கை அவரவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது புழலில். எங்கள் தெருவில் பாதிப் பேர் மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஐம்பத்தேழு வயது நடக்கிறது. "இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல, அப்பால பாத்துக்கலாம்" என்பார். ஷிப்ட் மாறி மாறிப் போகிற மனுஷருக்கு உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது? "நீங்க பக்கத்துல உக்காருங்க போதும், நான் பாக்கறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். நாலைந்து மாதத்தில் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிடித்த பணம் எங்கே போகிறது?

சம்பளத்தில் 12 சதவிகிதம் பி.எப்.புக்குப் பிடிக்கிறார்கள். முதலாளியும் 12 சதவிகிதம் போடுகிறார். முதலாளி போடுவதில் 8.33 சதவிகிதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடுகிறது. மீதிதான் பி.எப்.பில் சேருகிறது. இந்த ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடக்கிறது. அதற்கு முன்பு, 1971-ல் தொடங்கிய குடும்ப ஓய்வூதியம் மட்டும்தான் இருந்தது.

58 வயது ஆகி, குறைந்தது 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் மாத ஓய்வூதியம். கணக்கு சுலபம்தான். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பொதுவாக 15,000 ரூபாய் வரைக்கும்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பது 2014 செப்டம்பரில் வந்த வரம்பு. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து 14 வருடம் முடித்தவருக்கு, 15,000-ஐ 14-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 3,000 ரூபாய். 2014-க்கு முந்தைய சர்வீஸை 6,500 ரூபாய் என்ற பழைய வரம்பில் தனியாகக் கணக்கிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பழைய கம்பெனி சர்வீஸ். நான் சொன்ன 14 வருடத்தில் 4 வருடம் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை இதோடு சேர்க்காமல் விட்டால், 3,000 ரூபாய் 2,142 ஆகிவிடும். உயிருள்ளவரை மாதாமாதம் 850 ரூபாய்க்கு மேல் நஷ்டம்! மொத்தம் 12 வருடம் உழைத்தவர், பழைய நாலு வருடத்தைச் சேர்க்கவில்லை என்றால் மாத ஓய்வூதியமே கிடையாது.

ஆகவே யு.ஏ.என். என்கிற 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, பி.எப். இணையதளத்தில் சர்வீஸ் விவரத்தைப் பாருங்கள். 'உமங்' செயலியிலும் பாஸ்புக் பார்க்கலாம். பழைய கம்பெனியில் விலகிய தேதி காலியாக இருந்தால், பணம் மாற்றுவது அங்கேயே நின்றுவிடும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், விலகிய தேதியை உறுப்பினரே ஆதார் ஓ.டி.பி. மூலம் பதிந்துவிடலாம்.

ஒரு எழுத்து படுத்திய பாடு

தமிழில் சண்முகம் என்றால் ஒரே சண்முகம்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'ஹெச்' போடுவார், ஒருவர் போடமாட்டார். கடைசியில் 'யு' போடுகிறவரும் உண்டு, 'ஏ' போடுகிறவரும் உண்டு. போதாததற்கு நம் ஊர் இனிஷியல்! ரேஷன் கார்டில் முன்னால், ஆதாரில் பின்னால், பாங்கில் அப்பா பெயர் முழுசாக. மனிதருக்குத் தெரியும் எல்லாம் ஒரே ஆள் என்று. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே!

என் வீட்டுக்காரர் விஷயத்திலும் அதுதான். கம்பெனி குமாஸ்தா ஏற்றிய பெயரில் ஒரு எழுத்து குறைவு. பிறந்த தேதியோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி. ஆதாரில் வேறு. திருத்தம் கேட்டு இணையத்தில் கூட்டு உறுதிமொழி விண்ணப்பம் போட்டோம். 2017 அக்டோபருக்குப் பிறகு யு.ஏ.என். வாங்கி, ஆதாரோடு சரிபார்த்தவர்கள் பெயர், பிறந்த தேதியைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் வசதி வந்திருக்கிறது. இவருடையது பழைய எண். அதனால் கம்பெனி ஒப்புதல் தேவைப்பட்டது. அந்த ஒப்புதலுக்கு மட்டும் இரண்டு மாதம் நடந்தார். வேலையில் இருக்கும்போதே இத்தனை நடை என்றால், ரிடையர் ஆனபின் கேட்டில் நின்று யாரைக் கூப்பிடுவது?

கம்பெனியே மூடிவிட்டால்? பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடியது முதல், வடசென்னையில் இந்தக் கவலைக்குக் குறைவே இல்லை. அதற்கும் வழி உண்டு. கெஸட்டட் அதிகாரி, நோட்டரி போன்றவர்களிடம் சான்று ஒப்பம் வாங்கி பி.எப். அலுவலகத்தில் கொடுக்கலாம்.

"புருஷன் பேரைச் சொல்லக் கூடாது" என்று என் மாமியார் காலத்தில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் போகிறது, ஆதாரிலும் பாங்கிலும் பி.எப்.பிலும் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு

"எங்க வீட்டுக்காரருக்கு முப்பது வயசுதான், எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். அவளுக்குத்தான் அவசரமாக வேண்டும் என்றேன்.

கல்யாணத்துக்கு முன் அவர் அம்மாவையோ அண்ணனையோ பி.எப். வாரிசாக எழுதியிருப்பார். கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது. புதிதாக மனைவி, குழந்தைகள் பெயரைப் பதிய வேண்டும். நம்முடைய ஆதார், போட்டோ வைத்துக்கொண்டு இணையத்திலேயே வாரிசு நியமனம் செய்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் மின் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தக் கையெழுத்து விழும்வரை நியமனம் பூர்த்தியாகாது.

வேலையில் இருக்கும்போதே ஒருவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. 25 வயது நிரம்பும்வரை இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனியே உண்டு. இதற்கு 10 வருடம் தேவையில்லை. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் போதும். இன்ஷூரன்ஸ் தொகை 7 லட்சம் ரூபாய் வரை என்று 2021-ல் உயர்த்தினார்கள். வாரிசு விவரம் சரியாக இருந்தால் குடும்பம் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால், துக்கத்தோடு துக்கமாக வாரிசுச் சான்றிதழுக்கும் அலைய வேண்டிவரும்.

ரேகை அழிந்த விரல்கள்

ஓய்வூதியம் வர ஆரம்பித்தபின், வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று தர வேண்டும். தராவிட்டால் பணம் நின்றுவிடும். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்று இதை டிஜிட்டல் முறைக்குக் கொண்டுவந்தார்கள். பி.எப். ஓய்வூதியக்காரர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

முப்பது வருடம் இரும்பையும் ஆயிலையும் பிடித்த கைக்கு ரேகை எங்கே இருக்கிறது? சோடாவும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்த்த நம் கைக்கும் அதே கதிதான். மெஷினில் விரலை வைத்தால் 'இல்லை, இல்லை' என்கிறது. 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டியே சான்று தரலாம். செல்போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் இருந்தால் போதும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை இமைக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுக்கிற சேவையும் உண்டு.

ஜாக்கிரதை!

எங்கள் பக்கத்தில் ஒரு பிரௌஸிங் கடையில் 500 ரூபாய் கேட்டார்கள். கூடவே பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். வாரிசு நியமனத்துக்கோ பணம் கேட்டு விண்ணப்பிக்கவோ பி.எப். அலுவலகம் கட்டணம் வாங்குவதில்லை. போனில் ஓ.டி.பி. கேட்பதும் இல்லை. யாராவது கேட்டு, பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இந்த மாதமே செய்யுங்கள்

1. ஆதார், பாங்க் பாஸ்புக், பி.எப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. ஆதாரில் உள்ள செல் நம்பர் இப்போது உபயோகத்தில் இருக்கிறதா? சிம் மாறியிருந்தால் ஆதார் மையத்தில் மாற்றிவிடுங்கள்.

3. பழைய கம்பெனிக் கணக்குகளைச் சேர்த்தாயிற்றா?

4. வாரிசு நியமனத்தில் உங்கள் பெயர், குழந்தைகள் பெயர் ஏறியிருக்கிறதா?

5. கம்பெனி மாதாமாதம் பணம் கட்டுகிறதா? பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் வரும். சாதாரண போனே போதும்.

எதிலாவது சிக்கல் என்றால், மாதம் 27-ம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் பி.எப். அலுவலகம் குறைதீர்ப்பு முகாம் நடத்துகிறது. காகிதங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரோடு நீங்களும் போய் வாருங்கள். நாங்கள் அடுத்த மாதம் போகிறோம். பிறந்த தேதித் திருத்தம் ஒன்றுதான் எங்களுக்கு இன்னும் பாக்கி.