எண்ணெய் வயல் லாரிக்காரர்: ஓட்டுறது பாதி வேலைதான்

எண்ணெய்க் கிணறுன்னா நமக்கு ஞாபகம் வர்றது துளையிடும் கோபுரமும், அதுல கறுப்பா எண்ணெய் பூசிக்கிட்டு நிக்கிற ஆட்களும்தான். ஆனா அந்தத் தொழிலில் ஆட்கள் எதனால அதிகமா சாகறாங்கன்னு பார்த்தா முதலிடத்தில் கோபுரம் இல்லை, ரோடு இருக்கு. அமெரிக்காவில் 2003 முதல் 2013 வரை எண்ணெய், எரிவாயு எடுக்கும் வேலையில் 1,189 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அதில் சுமார் 40 சதவீதம் போக்குவரத்து சார்ந்த சாவுகள். இந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகுதான் அங்கே லாரி ஓட்டுறவங்க என்னதான் செய்யறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல, ஏன் இத்தனை லாரி? மேற்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோவில் பரவிக் கிடக்கும் பெர்மியன் படுகையிலும், வடக்கு டகோட்டாவின் பாக்கனிலும் பாறையை உடைச்சுத்தான் எண்ணெய் எடுக்கணும். தண்ணியையும் மணலையும் அழுத்தத்தில் உள்ளே செலுத்தி உடைக்கிறாங்க. ஒரு தண்ணி லாரி சுமார் 130 பீப்பாய் கொள்ளும். ஒரு பீப்பாய் 42 கேலன், நம்ம கணக்கில் 159 லிட்டர். ஒரு கிணத்துக்கு 50 லட்சம் கேலன் வேணும்னு வச்சுக்கிட்டு, அத்தனையையும் லாரியிலேயே கொண்டுவந்தா 900 நடைக்கு மேல ஆகும். மணலுக்குத் தனியா சில நூறு நடை. எண்ணெய் வந்த பிறகு அதை எடுத்துட்டுப் போக, கூடவே ஊறி வர்ற உப்புத்தண்ணியை அகற்ற, மறுபடியும் லாரி. குழாய் போட்ட இடங்களில் இது குறைஞ்சிருக்கு, நின்னுடலை.

இதுல எனக்குப் பிடிபடாம இருந்தது கச்சா எண்ணெய் ஏத்துற ஆளோட வேலை. போய் நிறுத்தி, ஹோஸ் மாட்டி, ரொப்பிட்டுக் கிளம்பறதுன்னு நினைச்சேன். அப்படி இல்லீங்க. கிணத்தடித் தொட்டியில் இருக்கும் எண்ணெய் ஒரு கம்பெனியோடது, லாரியில் ஏறின எண்ணெய் வாங்குறவங்களோடது. இந்தக் கைமாற்றத்தை அளந்து எழுதிக் கொடுக்கிறவர் டிரைவர்தான். நம்ம ஊர்ல பால் சொசைட்டியில் பாலை அளந்து, தரம் பார்த்து, சீட்டு எழுதறவர் மாதிரின்னு வச்சுக்கலாம். ஆனா இங்கே அதே ஆள்தான் வண்டியும் ஓட்டணும்.

வேலை இப்படிப் போகும். முதல்ல தொட்டி வால்வில் இருக்கும் முத்திரையைப் பார்த்து எண்ணைக் குறிச்சுக்கணும். அப்புறம் சுமார் 20 அடி படி ஏறி, மேல் மூடியைத் திறந்து, உள்ளே இருந்து மாதிரி எடுக்கணும். வெப்பமானியை இறக்கிக் காத்திருக்கணும், ஏன்னா சூட்டில் எண்ணெய் விரியும், கணக்கெல்லாம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருப்பித்தான் போடுவாங்க. அடர்த்தி பார்க்கணும். மாதிரியை ஒரு சின்ன இயந்திரத்தில் சுழற்றி, எவ்வளவு தண்ணி, எவ்வளவு கசடுன்னு பார்க்கணும். பொதுவா 1 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயை எடுக்கக் கூடாது, வெறும் வண்டியோட திரும்பணும். சரியா இருந்தா குண்டு கட்டின நாடாவை இறக்கி மட்டம் அளக்கணும். ஏத்தி முடிச்சதும் மறுபடி அளந்து, புது முத்திரை போட்டு, சீட்டு எழுதி ஒரு பிரதியை அங்கேயே வச்சுட்டுக் கிளம்பணும்.

நாடாவில் கால் அங்குலம் தப்பினா என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அடி விட்டமுள்ள தொட்டியில் ஒரு அங்குலம்னா கிட்டத்தட்ட 1.68 பீப்பாய். கால் அங்குலம் 67 லிட்டர். பீப்பாய் 70 டாலர்னா ஒரு தடவைக்கு ஏறக்குறைய 29 டாலர் யாரோ ஒருத்தர் பக்கம் சாயும். அந்தச் சீட்டை வச்சுத்தான் கம்பெனிக்குக் காசு, நிலத்தடி உரிமை வச்சிருக்கும் குடும்பத்துக்குப் பங்கு, மாநிலத்துக்கு வரி எல்லாம். இவ்வளவு பேரோட பணம் ஒரு ஆளோட கண்ணை நம்பி இருக்கு, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில்.

இப்போ அந்த மூடிக்கு வருவோம். நிலத்துக்கடியில் அழுத்தத்தில் இருந்த எண்ணெய் தொட்டிக்கு வந்ததும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, அதில் கரைஞ்சிருந்த புரோப்பேன், பியூட்டேன் எல்லாம் ஆவியாக் கிளம்பும். மூடியைத் திறக்கிற நொடியில் அது நேரா முகத்தில் அடிக்கும். ஆக்சிஜனைத் தள்ளிவிடும், இதயத் துடிப்பையும் குலைச்சுடும். 2010 முதல் 2014 வரை இப்படித் தொட்டி அளக்கும்போதும் மாதிரி எடுக்கும்போதும் 9 பேர் இறந்ததை அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் 2016-ல் ஒரு எச்சரிக்கையாகவே வெளியிட்டன. பெரும்பாலும் தனியா இருந்தவங்க. அதில் சில சாவுகள் முதல்ல சாதாரண மாரடைப்புன்னே பதிவாகியிருந்தன. சட்டைக் காலரில் மாட்டியிருக்கும் கருவி பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கானது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு அளவு கூடினா மூக்கையே மரத்துப்போக வச்சுடும், அதனால அந்தக் கருவி அவசியம்தான். ஆனா புரோப்பேன் வந்தா அது கத்தாது. பாதுகாப்பா இருக்கோம்னு நினைச்சுக்கிட்டே மூச்சை இழுத்திருப்பாங்க.

அடுத்தது தூக்கம். அமெரிக்காவில் சரக்கு லாரிக்காரர் ஒரு ஷிப்டில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதையும் வேலைக்கு வந்த 14 மணி நேரத்துக்குள் முடிச்சுடணும். வாரக் கணக்கு தீர்ந்தா, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க 34 மணி நேரம் ஓய்வு. எண்ணெய் வயல் வேலைக்கு மட்டுமே ஓடும் வண்டிகளுக்கு இந்த 34 மணி நேரம் 24 ஆகக் குறையும். கிணறு பராமரிப்புக்குன்னே தனியா வடிவமைச்ச வண்டியை ஓட்டும், அதற்குப் பயிற்சி பெற்ற டிரைவர்களுக்கு இன்னொரு சலுகை: கிணத்தடியில் காத்திருக்கும் நேரம் வேலை நேரத்தில் சேராது. காகிதத்தில் அது ஓய்வு. நிஜத்தில் வெயிலில் என்ஜினை ஓடவிட்டு, எப்போ கூப்பிடுவாங்கன்னு தெரியாம உக்காந்திருக்கிறது. தண்ணி, மணல் லாரிகளும் இந்தச் சலுகைக்குள் நுழையப் பார்த்ததால், அவற்றுக்கு இது பொருந்தாதுன்னு 2012-ல் மத்திய போக்குவரத்துத் துறை விளக்கம் கொடுத்தது. என்னைக் கேட்டா, தூக்கத்துக்குத் தொழில்வாரியா சலுகை கொடுக்கிறதே விசித்திரமான யோசனை. உடம்புக்கு அது எண்ணெய் வயலா காய்கறி லோடான்னு தெரியாதே!

நடைக்கு இவ்வளவுன்னு கூலி இருக்கும் இடங்களில் இது இன்னும் மோசமாகும். மணல் இறக்க ஆறு மணி நேரம் வரிசையில் நின்னவர், விட்ட காசைப் பிடிக்க ரோட்டில் விரட்டுவார். பெக்கோஸ் ஊரிலிருந்து நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் பக்கம் போகும் 285-ஆம் நெடுஞ்சாலைக்கு அங்கே மரண நெடுஞ்சாலைன்னே பேர். பக்கத்தில் இருக்கும் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான் குடியிருந்தாங்க. அவ்வளவு பேருக்கான ரோட்டில் 36 டன் வண்டிகள் அணிவகுத்தா எப்படி இருக்கும்?

மூடியைத் திறக்காமலே அளக்கும் முறைகளும் இருக்கு. தானே அளந்து சீட்டு அடிக்கும் மீட்டர் பொருத்திய இடங்களில் டிரைவர் தரையில் நின்னே வேலையை முடிச்சுடலாம். பெரிய, புதுக் கிணறுகளில் அது பரவலா வந்தாச்சு. ஒரு நாளைக்குச் சில பீப்பாய் மட்டும் தரும் பழைய கிணத்துக்கு அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனசு வர்றதில்லை. அங்கே இன்னும் ஏணியும் நாடாவும்தான். விவரம் தெரிஞ்ச டிரைவர் அங்கே முதல்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்ப்பார். காத்து தன் மேலிருந்து தொட்டிப் பக்கம் போற மாதிரி நின்னு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, மூடியைத் தூக்கிவிட்டுத் தள்ளிப்போய்க் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்ப வருவார்.