கணவாய் சுமக்கும் விளக்கு

2019 ஆகஸ்டில் ஓர் இரவு, திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் பக்கத்துக் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. அது பாக்டீரியாவின் வேலை என்று நினைப்பவர் உண்டு. உண்மையில் அது நாக்டிலூகா என்னும் ஒரு செல் உயிரியின் ஒளி. இரண்டையும் பிரித்தறிவது எளிது. அலை மோதினாலோ கையால் அளைந்தாலோதான் நாக்டிலூகா மின்னும்; நொடிக்குள் அணைந்தும் போகும். பாக்டீரியாவின் ஒளியோ தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே சீராக இருக்கும்.

அந்தச் சீரான விளக்கைச் சுமந்து திரியும் பிராணி நம் மீன் சந்தைகளிலேயே கிடைக்கிறது. சென்னையில் கடம்பா என்று விற்கும் ஊசிக் கணவாய்தான் அது. அதன் மைப்பையின் மேல், குடலுக்கு இருபுறமும் இரண்டு சிறு ஒளியுறுப்புகள் உள்ளன. ஒளி கணவாயுடையதன்று, அவற்றுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களுடையது. சமைக்குமுன் மைப்பையோடு நாம் குப்பையில் எறிவது இந்த விளக்கையும் சேர்த்துத்தான்!

லூசிஃபெரேஸ் என்னும் நொதி, ஆக்சிஜனின் துணையோடு வேதி ஆற்றலை ஒளியாக மாற்றுகிறது. அலைநீளம் சுமார் 490 நானோமீட்டர்; கடல்நீரில் நெடுந்தொலைவு செல்லக்கூடிய நீலப்பச்சை. குண்டு பல்பைப் போல் இது சுடுவதில்லை. ஆனால் காற்று வேண்டும். அழுகும் மீனின் ஒளி, காற்றை நீக்கினால் மங்குவதை ராபர்ட் பாயில் 1660களிலேயே தம் காற்றுப் பம்பின் உதவியால் கண்டார். பாக்டீரியா என்று ஒன்று இருப்பதையே அன்று யாரும் அறியார்.

கணவாய்க்கு இதனால் என்ன பயன்? இதற்கு விடை ஹவாய்த் தீவின் குட்டிக் கணவாயிடம் நன்கு ஆராயப்பட்டுள்ளது. நிலவொளியில் நீந்தும் கணவாய், கீழே பதுங்கியிருக்கும் மீனுக்குக் கரிய நிழலாகத் தெரியும். தெரிந்தால் உயிர் தப்பாது. வயிற்றுப்புறத்திலிருந்து நிலவளவுக்கு ஒளி வீசினால் நிழல் மறைந்துவிடும். ஆக, இது பார்ப்பதற்கான விளக்கன்று, ஒளிந்துகொள்வதற்கான விளக்கு. நம் ஊசிக் கணவாய்க்கும் இதே பயன் இருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

ஹவாய்க் கணவாயில் வாழும் விப்ரியோ ஃபிஷரி, கடலில் தனித்துத் திரியும்போது ஒளிர்வதில்லை. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. கூட்டம் நெருங்கி அப்பொருள் போதிய அளவு சேர்ந்ததும் எல்லாம் சேர்ந்து ஒளிரத் தொடங்குகின்றன. இதை 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் வெளியிட்டனர்.

பகலில் மணலில் புதைந்து கிடக்கும் கணவாய்க்கு விளக்கு எதற்கு? விடியும்போது நூற்றுக்குச் சுமார் 95 பாக்டீரியாக்களை அது கடலில் வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியவை இரவுக்குள் பெருகிக்கொள்கின்றன. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அவற்றுள் ஒன்றுகூட இராது. பொரித்த சில மணி நேரத்துக்குள் அந்தக் கடல்நீரிலிருந்தே அது தன் குடித்தனக்காரர்களைச் சேர்த்துக்கொள்கிறது.