ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால்?

மழை நாளில் ரிப் சுவிட்ச் விழுகிறது. தூக்கிவிட்டாலும் நிற்பதில்லை. ‘அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலும் பழுது சுவிட்சில் இல்லை. மின்சாரம் எங்கோ கசிகிறது.

போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ரிப் சுவிட்ச் பார்க்கிறது. வீடுகளில் வழக்கமாக உள்ள 30 மில்லி அம்பியர் சுவிட்ச், அவ்வளவு வித்தியாசம் வந்தால் 0.3 செக்கனுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். 230 வோல்ட் வயரில் கைபட்டவரின் உயிரைக் காப்பதும் அதுதான்.

பழுதைத் தேட, முதலில் எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது பெரும்பாலும் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் வழியான கசிவு தொடரலாம். பிறகு ரிப் சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால், கேத்தல், அயன், பிரிட்ஜ் என ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, அதில்தான் பழுது இருக்கக்கூடும்.

எதுவும் செருகாமலே விழுந்தால், ஈரம் இறங்கிய சுவர், எலி கடித்த வயர், நிரந்தரமாகப் பொருத்திய தண்ணீர் மோட்டர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அதற்கு மேல் நீங்கள் கைவைக்க வேண்டாம். தகுதியுள்ள மின் இணைப்பாளரை அழையுங்கள்.

சுவிட்சிலுள்ள ‘ரெஸ்ட்’ பொத்தானையும் இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது.