காத்தான் சத்திரத்தில் ஓர் இரவு

மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குக் கோடையில் செல்லும் எம்மவர், படகுகள் கடக்கும் கால்வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். அங்கே சைமன் பிரேசர் இல்லம் என்ற பழைய கல்வீடும் உண்டு. அயர்லாந்துக் கவிஞர் தோமஸ் மூர் 1804இல் இங்கு விருந்தினராகத் தங்கித் தமது கனேடியப் படகுப் பாடலை எழுதினார் என்பது ஊர்வழக்கு. அவரோ, படகோட்டிகள் அடிக்கடி பாடிய மெட்டுக்கே சொற்களை அமைத்ததாகக் குறித்திருக்கிறார். கிங்ஸ்டனிலிருந்து மொன்றியல்வரை ஐந்து நாட்கள் துடுப்புவலித்த அவர்களை ஊர்வழக்கு மறந்துவிட்டது.

சோறிட்ட வீட்டையும் பாட்டையும் இவ்வாறு முடிச்சுப் போடுவது எமக்குப் புதிதன்று. நாகபட்டினத்துக் காத்தான் சத்திரத்தைக் கேலிசெய்யும் வெண்பாவைப் பள்ளியில் கேட்டுச் சிரிக்காதவர் எம்மில் யார்? பதினைந்தாம் நூற்றாண்டின் காளமேகப் புலவர் பாடியதாகத் தனிப்பாடல் திரட்டில் இடம்பெற்று வருவது அது. பொழுது சாயும்போது அரிசி வருமாம். குத்தி உலையிலிடும்போது ஊர் உறங்குமாம். ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுமாம்.

காத்தான் பதறிப்போய் வேண்டவே, புலவர் அதே பாட்டுக்குப் புகழ்ப்பொருள் கூறினார் என்பது கதை. நாடெங்கும் விளைச்சல் குன்றியபோதும் இங்கே அரிசி வரும். உலையிலிட்டதும் ஊராரின் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு வெள்ளியும் தோற்று ஓடும். சிலேடை அழகுதான். ஆயினும் இந்த இரண்டாம் பொருள், கதை சொல்லிகள் பின்னர் ஒட்டியது என்றே எமக்குத் தோன்றுகிறது. பசித்தவனுக்கு முதற்பொருளே போதும்.

காளமேகம் திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணிபுரிந்தவர் என்பதும் வழிவழிச் செய்தியே. அடுப்படி அறிந்தவரின் கேலியென்றால் அது கூர்மையாகத்தானே இருக்கும்!

ஆனால், வசையாகவே படித்தாலும் ஒன்று எஞ்சுகிறது. மாலைவரை அரிசியில்லாத சத்திரம் கதவை அடைக்கவில்லை. முன்பின் அறியாத வழிப்போக்கனுக்காக யாரோ இரவிரவாக உலக்கை பிடித்திருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் ஓடி, கோவில் மடங்களிலும் பாடசாலைகளிலும் நள்ளிரவுக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற எமக்கு, அந்தத் தாமதம் இன்று வேறாகத் தெரிகிறது. அன்றும் முணுமுணுத்தோம். கஞ்சி காய்ச்சியவர்களின் பெயரை நாம் கேட்டு வைக்கவில்லை.

காத்தானின் பெயராவது அந்தக் கேலிப்பாட்டில் தப்பியிருக்கிறது.