மைசூர் மகாராஜாவின் ஓரணா

ஓசூர் சிப்காட்டில் முப்பது ஆண்டு லேத் இயந்திரத்தோடு மல்லாடி ஓய்வு பெற்றவரும், தபால்தலைகளைச் சேகரிப்பதையே ஓய்வுகால விரதமாகக் கொண்டவருமான நண்பர் ஒருவர், சென்ற மாதம் தம் ஆல்பத்தை என் முன்னே பிரித்து வைத்து, "திருவாங்கூர் இருக்கிறது, கொச்சி இருக்கிறது, ஹைதராபாத் இருக்கிறது, எந்தக் கேட்லாக்கைப் புரட்டினாலும் மைசூரை மட்டும் காணோமே, சார்!" என்று அங்கலாய்த்தார். சாமணத்தால் அவர் தூக்கிக் காட்டிய துண்டில், மைசூர் உடையார்களின் ராஜ சின்னமாகிய கண்டபேரண்டப் பட்சி இரு தலைகளையும் இரு திசைக்குத் திருப்பி நின்றது. கீழே ஓர் அணா என்று கன்னட எழுத்து. அவற்றுக்குக் குறுக்கே, பழுப்பேறிய மசியில் பாதிக் கையெழுத்து ஒன்று.

கேட்லாக்கின்மீது குற்றமில்லை. சிக்கதேவராஜ உடையார் காலத்திலிருந்து 'அஞ்செ' என்ற பெயரில் சொந்தத் தபால் நடத்தி, 1889இல் அதைப் பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு சேர்த்துவிட்ட மைசூர் சமஸ்தானம், அத்தனை காலத்தில் ஒரு தபால்தலையாவது அச்சிட்டதில்லை. ஆகவே மைசூர் சமஸ்தானத்தின் பெயர் தாங்கிய தலை எதுவாயினும் அது கடிதத்தில் ஒட்டியதன்று. ரசீதில் ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பாக இருக்கும், அல்லது வழக்கு மனுவில் ஒட்டிய கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக இருக்கும். தபால்தலை ஆல்பத்தில் மைசூருக்கென்று பக்கம் ஒதுக்குகிறவர் அதை வெறுமையாகவே வைத்திருக்க வேண்டியதுதான்.

இவ்விரண்டில் இது எது என்று அறியப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். கோர்ட் ஃபீ ஸ்டாம்பை எப்படி ரத்து செய்ய வேண்டும் என்பதற்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் 1870ஆம் ஆண்டுச் சட்டம் விசித்திரமான விதியொன்று வகுத்திருந்தது: தொகை தெரியும்படி விட்டு, தலையுருவத்தை மட்டும் துளைத்தெடுத்து, எடுத்த துணுக்கை எரித்தோ வேறு விதமாகவோ அழித்துவிட வேண்டும். சக்கரவர்த்தியின் சிரசைத் துளைத்துத் தீயிலிடுவதை அவருடைய சர்க்காரே குமாஸ்தாவின் நித்திய கடமையாக்கியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. ரசீதிலோ பணம் வாங்கியவரே ஸ்டாம்பின் குறுக்கே பெயரும் தேதியும் எழுதிவிடுவார். நண்பரின் துண்டில் துளையில்லை, கையெழுத்து இருக்கிறது. எனவே அது ரசீது ஸ்டாம்பு.

மைசூர் ரசீது ஓசூர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம், இவ்வூரார் கேட்கமாட்டார்கள். 1792இல் கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகாலும், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் ஓசூரும் கம்பெனியார் கைக்குப் போய்ச் சேலம் ஜில்லாவில் அடங்கினவே தவிர, இங்குள்ளவர்களின் பெண் கொடுக்கல் வாங்கலும் மாட்டு வியாபாரமும் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் போவதை அந்த எல்லைக்கோடு தடுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு 1899ஆம் ஆண்டு இந்திய ஸ்டாம்புச் சட்டப்படி ஓரணா. 1906 முதல் தபாலுக்கும் ரெவின்யூவுக்கும் பொதுவென்று அச்சிட்ட எட்வர்டு மன்னரின் ஓரணாத் தலையே அதற்குப் போதும். அந்தப் பக்கத்திலோ 1900ஆம் ஆண்டு மைசூர் ஸ்டாம்புச் சட்டம். அதற்கு மகாராஜாவின் ஸ்டாம்புதான் வேண்டும். இதிலும் ஒரு சிக்கலுண்டு: பெங்களூர்த் தண்டுப் பிரதேசம் 1881 முதல் 1947 வரை பிரிட்டிஷ் ரெஸிடெண்டின் நிர்வாகத்தில் இருந்தபடியால், பெங்களூரில் எழுதியது என்பதாலேயே ஒரு ரசீதை மைசூருடையது என்று தீர்மானித்துவிட முடியாது.

"சரி சார், எந்த வருஷத்தது?" என்றார் நண்பர். அவர் மனைவியின் பாட்டி வீட்டார், பாகலூர்ப் பக்கத்து நிலத்தை மனையாக்கி விற்பதற்காக மூலப் பத்திரம் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தபோது அகப்பட்ட ரசீதாம் அது. "ரசீது எங்கே?" என்றேன். தபால்தலைகளைக் கடித உறையிலிருந்து பிரிப்பது போலவே கிண்ணத்து நீரில் ஊறவைத்து ஸ்டாம்பை உரித்துக்கொண்டு, கரைந்துபோன காகிதத்தை எறிந்துவிட்டாராம். கையெழுத்தைப் பாதி ஸ்டாம்பிலும் பாதி காகிதத்திலும் விழுமாறு போடுவது அக்கால வழக்கம்; காகிதத்தில் விழுந்த பாதியோடு வருஷமும் போயிற்று, விற்றது மாடா நிலமா என்பதும் போயிற்று. எஞ்சியவை தேதியில் ஓர் எண்ணும், தெலுங்கில் ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளுமே.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. ஆல்பத்தில் அந்தத் துண்டின் கீழே பென்சிலால் 'மைசூர், ரசீது, ஓரணா' என்று எழுதி, வருஷத்துக்கு இடம் விட்டு மூடினார்.

ஓசூரிலும் பாகலூரிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் நிலம் கைமாறும்போதெல்லாம் இத்தகைய பெட்டிகள் திறக்கப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. அவற்றில் ஸ்டாம்பு ஒட்டிய துண்டுச் சீட்டைக் காணும் வாசகர்கள் அதை நனைக்காமல், கத்தரிக்காமல், முழுக் காகிதத்தோடு ஓர் உறையிலிட்டு வைக்க வேண்டுகிறேன். என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாவிட்டால், கன்னடமோ தெலுங்கோ படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் காட்டுங்கள்.