கலைப்பட்டதாரியின் மேற்படிப்புக்குப் பணம் எங்கே?

எஞ்சிய காணியையும் ஈடு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டில் படிப்பிக்க எண்ணும் பெற்றோர், சற்றுப் பொறுக்க வேண்டும். வரலாறு, மொழி, மெய்யியல் படித்த பிள்ளைக்குக் கடன்படாத வழியும் உண்டு. ஆனால் எந்தப் பட்டம் என்பதில்தான் எல்லாம் தங்கியுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் முதுமாணிப் படிப்புக்குப் பெரும்பாலும் மாணவரே பணம் கட்டுகின்றார். கலாநிதிப் படிப்பு அப்படியன்று. பெரிய பல்கலைக்கழகங்கள் பல, தாம் தெரிவுசெய்யும் மாணவரிடம் கட்டணம் வாங்காமல், ஐந்தாண்டளவில் வாழ்க்கைச் செலவுக்கும் படி கொடுக்கின்றன. பதிலுக்கு அம்மாணவர் இளையோருக்குக் கற்பிப்பதில் துணைநிற்க வேண்டும். வாரத்துக்கு வயல் செய்வது போன்ற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுமாணி முடிக்காமலே, சிறப்புப் பட்டத்துடன் நேரே விண்ணப்பிக்கவும் பல துறைகள் இடமளிக்கின்றன. எம் பிள்ளைகளிற் பலர் இதை அறியாதிருப்பது எமக்குக் கவலையே.

இடங்களோ மிகச் சில. 2025 இல் சிக்காகோ பல்கலைக்கழகம் கலை, மனிதப்பண்பியல் துறைகள் பலவற்றில் அடுத்த ஆண்டுக்குப் புதிய கலாநிதி மாணவரைச் சேர்ப்பதை நிறுத்தியது.

முதுமாணிக்கு, இலங்கையில் 1952 முதல் இயங்கும் புல்பிறைற் திட்டம் உண்டு. படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசில் விமானச்சீட்டு, கட்டணம், மாதப்படி மூன்றையும் தருகின்றது. படிப்பு நாட்டின் மேம்பாட்டுக்கு எவ்வாறு உதவும் என எழுதிக் காட்டுவது அதற்கு அவசியம்.

ஆங்கிலப் பரீட்சைக்குச் செலவாகும். விண்ணப்பக் கட்டணத்தை விலக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகப் பணம் கேட்பவரிடம் நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். இடப்பெயர்வில் க.பொ.த. சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.