தாத்தா சைக்கிளைக் கடையில் விடும்முன்

பொதட்டூர்பேட்டைத் தறி வீடுகளில் ஏதோ ஒரு மூலையில் இன்னும் ஒரு பழைய பார் வண்டி சாய்ந்திருக்கிறது. நூல் கட்டும் பாவும் சுமந்த வண்டி. அதைச் சரிசெய்து ஓட்டப் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் அதைச் செய்யும் விதம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வாய்வார்த்தையை நம்பிக் கடையில் விடுகிறார்கள். வண்டி திரும்பும்போது புரூக்ஸ் தோல் சீட், லூகாஸ் டைனமோ, முன்பக்கப் பித்தளைத் தகடு எதுவும் இருப்பதில்லை. கேட்டால், "அதெல்லாம் துரு புடிச்சிப் போச்சிண்ணா, காயலான் கடையில போட்டுட்டேன்" என்று பதில் வருகிறது. மறுத்துப் பேச நம் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை. வாங்கிய பில்லும் தாத்தாவோடு போயிருக்கும். அப்புறம் மிஞ்சும் அடையாளம் ஃபிரேம் எண் ஒன்றுதான். சீட் கம்பி இறங்கும் இடத்திலோ, பெடல் அச்சு போகும் குழாயின் அடியிலோ குத்தியிருப்பார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் பதிந்துவிடும். போட்டோவும் எடுங்கள். பவுடர் கோட்டிங் தடிமனாக ஏறினால் எண் மூடிப்போகும். ஆகவே பெயின்ட் கடைக்குப் போகுமுன் இதை முடித்துவிடுங்கள். அந்தக் காலத்தில் சைக்கிள் வரி கட்டியதற்கு உள்ளாட்சி கொடுத்த தகட்டு வில்லை பெட்டியில் கிடந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

கடையில் விடும்போது ஒரு முழுத்தாள் எடுத்து எழுதுங்கள். ஃபிரேம் எண், வண்டியில் உள்ள ஒவ்வொரு சாமானும் அதன் கம்பெனிப் பெயரும், பேசிய கூலி, கொடுத்த முன்பணம், திருப்பித் தரும் தேதி. கடைசியில், "கழற்றும் பழைய சாமான் அனைத்தையும் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்ற வரி. இந்த வரியை விட்டுவிடாதீர்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப்போலப் பார்த்துக்கொள்ளும் கடமையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு மெக்கானிக்குக்கு வைக்கிறது. பேசிய கூலியைக் கொடுக்காவிட்டால் வண்டியை நிறுத்திவைக்கும் உரிமையை 170ஆம் பிரிவு அவருக்கும் தருகிறது. கூலியை இழுத்தடிக்காதீர்கள்.

சாமான் வாங்குவதிலும் ஏமாற்றம் நிறைய. "28 இன்ச் டயர்" என்று மட்டும் கேட்டால் போதாது. பழைய பார் வண்டியின் 28×1½ ரிம் 635 மில்லிமீட்டர்; இக்காலத்து 700சி ரிம் 622. அதையும் 28 என்றே விற்கிறார்கள், ஆனால் உட்காராது. நாட்டிங்காமில் செய்த ராலே வண்டியின் பெடல் அச்சுக் கப்புக்கு அங்குலத்துக்கு 26 மரை. மற்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பொதுவாக 24. பொருந்தாத கப்பைச் சுத்தியால் அடித்து ஏற்றினால் ஃபிரேமின் மரை போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. கிராங்க் காட்டர் பின்னிலும் 9, 9.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவு உண்டு. சென்னை ரட்டன் பஜாரோ, எல்லை தாண்டி நகரியோ, எங்கே போனாலும் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள், பில் வாங்குங்கள். பில் இல்லாத மலிவுச் சாமான் திருட்டுச் சாமானாக இருக்கலாம். தெரிந்தே வாங்கினால் வாங்கியவருக்கும் தண்டனை உண்டு.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர் சாண்ட் பேப்பரால் வீட்டுக்குள் தேய்க்காதீர்கள். வெளியே, தண்ணீர் தொட்டு, முகக்கவசத்தோடு தேயுங்கள்; குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

கடைக்காரர் ஏமாற்றினால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் திருவள்ளூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நகரியில் வாங்கிய சாமானுக்காக ஆந்திரத்துக்கு அலைய வேண்டாம். கெடு 2 ஆண்டு. இணையத்தில் இ-ஜாக்ரிதி வழியாகவும் தாக்கல் செய்யலாம். இத்தனைக்கும் அந்த முழுத்தாளும் பில்லும்தான் ஆதாரம்.

வண்டியே திருடு போனால் நிலைமை வேறு. "பழைய சைக்கிளுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆரா?" என்று திருப்பி அனுப்புவது சில காவல் நிலையங்களின் வழக்கம். இது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் சட்டத்தில் ஒரு பள்ளம் இருப்பதும் உண்மை: 2024 ஜூலை 1 முதல், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டைப் பொதுவாக மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அதனால் புகாரில் ஃபிரேம் எண்ணோடு வண்டியின் உண்மையான பெறுமதியை எழுதி, ஓவராயில் பில், சாமான் பில் எல்லாம் இணையுங்கள். காயலான் கடை எடைவிலை உங்கள் வண்டியின் விலை ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எதுவானாலும் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ, தேதி போட்ட முத்திரையோடு மனுவின் நகலோ கைக்கு வராமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.